ஏழாம் நம்பரின் ஐந்தாவது ஜன்னல்

மைத்துனனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லோரும் உள்ளே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஏனோக் மட்டும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எட்டணா அளவுக்கு ஒரு வட்டம் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் மடித்து வைத்திருக்கும் பெயிண்டர்களின் வாட்டர் பேப்பர்தான் ஆயுதம். எச்சில் தொட்டு இரண்டு விரலால் தேய்ப்பார். கறுப்பு போய் வெள்ளி வந்தது, வெள்ளி போய்ப் பச்சை வந்தது. பெண்ணின் அப்பா வெளியே வந்து, இன்னாங்க பண்றீங்க என்று கேட்டார்.

"உங்க கேட்டு மொதல்ல பச்சைங்க" என்றார் ஏனோக், பேரன் பிறந்த சேதி சொல்கிற முகத்தோடு.

நல்லவேளை, சம்பந்தம் முறியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கேட்டுக்குக் கறுப்பு அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

வயது முப்பத்தெட்டு. மண் வாரும் பெரிய வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் தகரப் பிரிவில் டிங்கர் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஏனோக்கின் சைக்கிள் ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஷெட்டுக்குப் போகும். உள்ளே ஒரு பஸ். ‘சம்பங்கி மோட்டார் சர்வீஸ்’ என்று ஒரு காலத்தில் மாரிகுப்பத்துக்கும் பங்காருபேட்டைக்கும் நடுவே பன்னிரண்டு பஸ்கள் ஓடின. அவற்றில் மிஞ்சியது ஏழாம் நம்பரான இது ஒன்றுதான். கூரையில் ஓட்டை, சீட்டுகளில் எலி, ஸ்டியரிங்கில் குளவிக் கூடு. மூன்று வருடமாக ஏனோக் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிரோடு எழுப்பிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடுகிறது. போன கிறிஸ்துமஸ் அன்று முதல்முறை உறுமியபோது பானெட்டைக் கட்டிக்கொண்டு அழுதாராம். மனைவி வின்னி சொல்லித்தான் தெரியும். அவரைக் கேட்டால், கண்ணில் டீசல் புகை என்பார்.

வேலை செய்யும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி டிபன் பாக்ஸில் வைத்துவிடுவார். ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதியதும், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. கோலார் தங்கவயலில் பிறந்த எல்லோரும் அப்படித்தான். பாதித் தும்மலில் இருந்தாலும் சங்கு ஊதினால் கை திரும்பும், கண் அங்கே போகும். நூறு வருடமாக ஊரே கடிகாரம் திருத்திக்கொண்ட சத்தம் அது.

பஸ் இப்போது பார்வதம்மாவின் பெயரில் இருந்தது. மறைந்த கம்பெனி முதலாளி சம்பங்கியின் மனைவி, எழுபது வயது, பேச்சில் அங்கங்கே தெலுங்கு, குரல் மட்டும் கண்டக்டர் குரல். அவர் மகன் விநாயக் ஷெட்டை இடித்துக் கம்ப்யூட்டர் சென்டர் கட்டப் போகிறான். மாதக் கடைசிக்குள் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பஸ் ஏனோக்குக்கு. இல்லாவிட்டால் ஒன்றாம் தேதி பங்காருபேட்டையிலிருந்து பழைய இரும்பு லாரி வந்துவிடும். பார்வதம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது.

"ஏழாம் நம்பர் புதுசா பெயிண்ட் அடிச்சு வந்துச்சு நாயனா. கடைசி ஜன்னலுக்குக் கீழ காயாத பெயிண்ட்ல என் கை பட்டுடுச்சு. தொடைக்கப் போனேன், அவரு உடல. கெடக்கட்டும்னாரு. அந்தக் கை உள்ள இருக்கும். காட்டு, கையெழுத்துப் போடறேன்."

இதைவிட ஏனோக்குக்குப் பிடித்த வேலை உலகத்தில் இருக்குமா? பின்பக்கம் முழுக்க ஈ மொய்த்த மாதிரி வட்டங்கள் போட்டார். மேலே நீலம். அதைத் தாண்டினால் பச்சை. பச்சையைத் தாண்டினால் வெறும் தகரம். கை இல்லை. விரல் இல்லை. ரேகைகூட இல்லை.

ஒருவேளை முன்பக்கமோ என்று அங்கே போய்த் தேய்த்தார். நீலத்துக்குக் கீழே சிவப்பு வந்தது.

குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற பட்டை ஒன்றுதான். அது எப்படி முன்னால் சிவப்பாகவும் பின்னால் பச்சையாகவும் இருக்கும்? பார்வதம்மாவைக் கேட்டால் கை கிடைக்கவில்லை என்று தெரிந்துவிடும். அதனால் டீக்கடைக்குப் போய் ரிட்டையரான ஆட்களைக் கேட்டார். சம்பங்கி பஸ் சிவப்புப் பட்டை என்று ஊரிகம் ஆட்கள் சத்தியம் பண்ணினார்கள். பச்சை என்று மாரிகுப்பம் ஆட்கள் அதைவிடப் பெரிய சத்தியம் பண்ணினார்கள். ஹரோல்ட் என்று ஒருவர், பஸ்ஸே வெள்ளை, பட்டையே கிடையாது என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் கோபமாகப் போய்விட்டார். ஏனோக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லோருடைய கலரையும் எழுதி வைத்தார். எழுத எழுத இன்னும் புரியாமல் போயிற்று. சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஃபோர்மேனைப் பார்வதம்மா என்று கூப்பிட்டார். தேய்த்த வட்டத்தையே மறுபடி தேய்த்து ஓட்டை போட்டார்.

வின்னிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு இந்தப் பாடு? நான் ஒரு கை வெச்சுத் தர்றன். மேல ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சுட்டு நீங்களே தேச்சுக் காட்டுங்க. அந்தம்மா இன்னா போலீஸா, ரேகை பாக்கறதுக்கு?"

ஏனோக் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் வின்னிக்கே ஆச்சரியம்.

அடுத்த நாள் சிவப்பு எங்கே பச்சையாகிறது என்று கண்டுபிடிக்க முடிவு செய்து, முன்னாலிருந்து பின்னால் ஒரு சாண் இடைவெளியில் தேய்த்துக்கொண்டே போனார். முதல் ஜன்னல் சிவப்பு, இரண்டு சிவப்பு, மூன்று, நான்கு சிவப்பு. ஐந்தாவது ஜன்னலின் நடுவில் சிவப்பு நின்றது. ஒரு விரல்கடை தள்ளிப் பச்சை தொடங்கியது. நடுவே மேலிருந்து கீழ்வரை தழும்பு மாதிரி ஒரு வெல்டிங் கோடு, ராவி, பட்டி பூசி மறைக்கப்பட்டது. அப்படி மறைக்கத் தெரிந்த டிங்கர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். சாம்சன், சம்பங்கி ஷெட்டில் வேலை பார்த்தவர்.

சாம்சன் வந்தார், கோட்டைத் தடவினார், வெட்கப்பட்டார். "டேய் ஏனோக்கு, முன்னாடி கீறது ஏழு. பின்னாடி கீறது பன்னெண்டு. ஏழுக்குச் செவப்பு, பன்னெண்டுக்குப் பச்ச. ஷிஃப்ட் உட்டு வர்றவன் தூரத்துலயே தெரிஞ்சிக்கணும்னு."

"எப்பிடி மாமா ஒண்ணாச்சு?"

அறுபத்தைந்தாம் வருடம் ஊரிகத்தில் ஆள் ஏற்ற ஏழாம் நம்பர் நின்றிருந்தது. பின்னால் பன்னிரண்டு வந்தது. சங்கு ஊதியது. பன்னிரண்டை ஓட்டி வந்தவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான். ஏழுக்குப் பின்பாதி போச்சு, பன்னிரண்டுக்கு முன்பாதி போச்சு. ஆளுக்கு அடியில்லை. நல்ல பாதி இரண்டையும் சேர்த்து மூன்று நாளில் ஒரே பஸ்ஸாக ஒட்டி, யாருக்கும் தெரியாமல் மேலே நீலம் அடிக்கச் சொன்னது முதலாளி. ஏனென்றால், லீவு போட்ட டிரைவருக்குப் பதிலாக அன்றைக்குப் பன்னிரண்டை ஓட்டியவர் அவரேதான்.

"வூட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு என் தலைல கைய வெச்சுச் சத்தியம் வாங்கினாரு" என்றார் சாம்சன்.

பார்வதம்மாவின் கை, அப்படியானால், சுரங்கத் தொழிலாளர்களின் எந்த லைன் வீட்டுக் கூரைத் தகரத்திலோ வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஏனோக் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இது ஏழாம் நம்பரா? பாதி ஏழா? அப்படியென்றால் மூன்று வருடமாக எந்த பஸ்ஸை உயிர் பிழைக்க வைத்தோம்? உண்மையைச் சொன்னால் நிபந்தனை போச்சு, லாரி வரும். சொல்லாவிட்டால் வின்னியின் கை இருக்கிறது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. வின்னி வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக நின்றாள். ஏனோக் கிண்ணத்தில் பெயிண்ட் கலக்கினார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே ஐந்தாவது ஜன்னலின் வெல்டிங் கோட்டைப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டு, "போய் வளையல் போட்டுக்கோ" என்றார். பிரஷை எடுத்து, முன்னாலிருந்து ஐந்தாவது ஜன்னல் நடுவரை சிவப்பு அடித்தார். பிரஷை மாற்றிக்கொண்டு, அங்கிருந்து கடைசிவரை பச்சை அடித்தார். வின்னி பச்சை டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

பெயிண்ட் காய்வதற்குள் பார்வதம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே கையெழுத்துத் தாளோடு விநாயக். சாம்சன் சுவரோரமாக நின்றுகொண்டார். சிவப்பைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. முதல் ஜன்னல், இரண்டாவது, மூன்றாவது என்று தொடாமல் தொட்டுக்கொண்டே வந்தவர், ஐந்தாவதில் நின்றார்.

"இது ஏமய்யா, பாவாடைக்கு ஒட்டுத்துணி வெச்ச மாதிரி?"

ஏனோக் சொல்லத் தொடங்கினார். வெல்டிங்கில் ஆரம்பித்து, பட்டிக்குப் போய், ஹரோல்டின் வெள்ளைக்குத் தாவி, மறுபடி வெல்டிங்குக்கு வந்தார். ஒருவழியாக, ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸின் பின்னால் இடித்தது, கை இருந்த பாதி இப்போது இல்லை என்பதுவரை வந்துவிட்டார்.

"எந்த மடையன் இடிச்சான்?"

ஏனோக் சாம்சனைப் பார்த்தார். சாம்சன் கூரை ஓட்டையைப் பார்த்தார். அப்போ இது நம்ம ஏழு இல்லையாம்மா, லாரிக்காரனுக்குச் சொல்லிடட்டுமா என்று விநாயக் இழுத்தான்.

சங்கு ஊதியது.

ஏனோக் வெறும் மணிக்கட்டைத் திருப்பினார். சாம்சன் திருப்பினார். விநாயக்கும் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு திருப்பினான். பார்வதம்மா மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். சங்கு ஓய்ந்தது.

"எங்க கல்யாணத்துல ரெண்டு முடிச்சுப் போட்டாரு" என்றார் பிறகு, யாரிடம் என்றில்லாமல். "சங்கு ஊதிச்சு. தாலிய உட்டுட்டு வாச்சைப் பாத்தாரு. மூணாவது முடிச்சு அவங்க அக்கா போட்டாங்க." ஏனோக்கைப் பார்த்தார். "அவருதானா?"

ஏனோக் தலையாட்டினார்.

"மூணு நாளா பஸ்ஸக் காணோமேன்னு கேட்டதுக்கு, ஏழு பெயிண்டுக்குப் போயிருக்குதுன்னு சொன்னாரு எங்கிட்ட."

பார்வதம்மா சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா என்று ஏனோக்குக்குக் கடைசிவரை தெரியவில்லை. விநாயக்கிடமிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கம் நடந்தார். கடைசி ஜன்னலுக்குக் கீழே நின்றார். மேலே இருந்த கண்ணாடியில் தாளை வைத்தார். அம்மா, ஈரமா கீது என்று ஏனோக் பதறுவதற்குள், இடது கையை விரல் அகலப் பச்சையில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் நிதானமாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்தபின்னும் கையை எடுக்கவில்லை.