கரப்பான்கள் கூடிய மூலை

வீட்டில் ஒரு கரப்பானைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நின்று கணவனைக் கூப்பிடுகிறவள், ஆராய்ச்சிக்கூடத்தில் வருடக்கணக்காகக் கரப்பான்களைப் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சிரிப்பு வருமா, வராதா? தையற்கடை வைத்திருந்த அவள் கணவனுக்கு நன்றாகவே வந்தது. "எங்க வீட்டுக்காரம்மாவுக்கு அங்க ஒரு பெட்டி நிறையப் பிள்ளைங்க. ஒண்ணையும் தொட மாட்டா" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அவள் மானத்தை வாங்குவான்.

அவள் படித்தது கணிதம். பெட்டிக்குள் விட்ட கரப்பான்கள் எங்கே கூட்டம் சேரும் என்று கணினியைக் கொண்டு முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. தண்ணீர் வைப்பது, பெட்டியைத் துடைப்பது எல்லாம் கூட வேலை பார்த்த தோழியின் பாடு. இவள் மாடியில் உட்கார்ந்து கேமராப் படத்தை மட்டும் பார்ப்பாள். கீழே பூச்சி அறை இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

அவள் கணக்கு என்ன அழகாகப் பலித்தது என்கிறீர்கள்! அவள் எழுதிய கணினி நிரலை ஓடவிட்டால், இடது மூலையில் கூடும் என்று திரையில் வரும். சற்று நேரத்தில் அத்தனையும் சொல்லிவைத்தாற்போல அந்த மூலைக்கு வந்து சேரும். பேராசிரியர் பூரித்துப்போனார். அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிற நேரம் வேறு. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வரப்போகிறது. காட்டுவதற்கு இந்த ஒரு கணக்குதான் அவள் கையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தோழி பிரசவ விடுப்பில் போய்விட்டாள். "நீயே பார்த்துக்கப்பா, அதுங்க உன்னை என்ன கடிச்சா தின்னுடப் போகுது" என்று போனில் சொன்னதோடு சரி.

வேறு வழி? நிரலை ஓடவிட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். கையுறை மாட்டிக்கொண்டு, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, பெட்டிக்குள் கையை விட்டாள். இடது மூலையைத் துடைக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. பயமெல்லாம் எங்கே போயிற்றோ, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் தொட்டுப் பார்த்தாள். அந்த இடம் மட்டும் கதகதவென்று இருந்தது.

குனிந்து பார்த்தாள். மாடியில் அவளிடம் இருந்தது வெறும் திரையும் விசைப்பலகையும்தான்; அவளுடைய நிரல் ஓடுகிற கணினி இங்கே மேஜைக்கு அடியில் இருந்தது. கணக்குப் போடப் போட அது சூடாகி, அதன் விசிறி அந்த வெக்கையை நேராக இடது மூலைமேல் ஊதிக்கொண்டிருந்தது. மாடிக்கு ஓடி நிரலை நிறுத்தினாள். மூலை ஆறியதும் கரப்பான்கள் கலைந்துபோயின. மறுபடி ஓடவிட்டாள். மறுபடி வந்தன. அவள் கணக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குளிர்காய வந்ததுகளைப் பார்த்துத்தான் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

"வாயைத் திறக்காம காட்டிட்டு வந்துடு. கரப்பானா வந்து சாட்சி சொல்லப் போகுது?" என்றான் கணவன், ராத்திரி அவள் விஷயத்தைச் சொன்னதும். அவளும் அதைத்தான் யோசித்திருந்தாள், பொய் சொல்வானேன். வேலை போய்விட்டால் அடுத்து எங்கே போய் நிற்பது?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் பழைய படங்களையெல்லாம் போட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வேறொரு சந்தேகம் அவளைப் பிடித்துக்கொண்டது. தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே போனாள்.

குழு வந்த அன்று சூடான மூலையைப் பற்றி அவளே சொல்லிவிட்டதும், குழுவின் தலைவியம்மா முகத்தைச் சுளித்தார். "அப்போ உங்க கணக்கு தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?"

"பாதி தப்புங்க" என்றாள். "ஆனா அந்தச் சூடு ஒரு சாண் தூரத்தைத் தாண்டலை. எதிர்மூலையில இருந்ததுக்கெல்லாம் சூடே தெரிஞ்சிருக்காது. அதுங்களும் கிளம்பி வந்திருக்கு. எதை நம்பி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் நேரம் கேக்குறேன்."

சாயங்காலம் நேரே தையற்கடைக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கணவன் மிஷினை நிறுத்தினான்.

"ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்க."

"தப்புன்னு சொன்ன பிறகுமா?"

"தப்புன்னு சொன்னதுக்குத்தாங்க" என்றவள், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.