தின்னரில் ஊறிய சிப்பாய்கள்

என் ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளை அக்கா பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னரில் ஊறப்போட்ட அன்று, அவள் எங்கள் வீட்டை விட்டுப் போய்த் தொலைய வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

உண்மையில் அவை அவளுடையவைதான். பட்டாளத்தில் இருந்த சித்தப்பா விடுப்பில் வரும்போதெல்லாம், வர்ணமில்லாத, கட்டைவிரல் உயரச் சிப்பாய்களையும் குதிரைகளையும் கொண்டுவருவார். அக்கா மெல்லிய பிரஷ்ஷால் கண்ணும் மீசையும் எழுதுவாள். சங்கராபுரத்தில் வாழ்க்கைப்பட்டபோது, புகுந்த வீட்டில் இந்த விளையாட்டெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டி எனக்கு வந்தது. சில வருஷம் மண்ணில் போர் நடத்தினேன். வர்ணம் உதிர்ந்தது, வாள்கள் வளைந்தன. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

திடீரென்று அக்கா ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாளே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் போய்த் தின்னரும், பெயிண்ட்டுக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும் பிரைமரும் வாங்கிவந்தாள். பழைய பல் பிரஷ்ஷால் என் தளபதியின் சிவப்புச் சட்டையைத் தேய்த்துத் தேய்த்தே எடுத்துவிட்டாள். வார்த்தபோது உடம்போரம் துருத்தி நின்றுவிட்ட அச்சுக்கோடுகளைச் சின்ன அரத்தால் ராவினாள். வளைந்த வாள்களை விரலாலேயே மெல்ல நிமிர்த்தினாள். சோப்புத்தூளில் கழுவிச் செய்தித்தாள்மேல் நிறுத்தினாள். யார் தளபதி, யார் எதிரி என்றே தெரியவில்லை.

"தொடாதடி. கை எண்ணெ பட்டா பெயிண்ட்டு புடிக்காது."

நான் தொடவில்லை, அவற்றின்மேல் துப்பினேன். அவள் மறுபடி கழுவினாள்.

ஆகவே மாமா, அதாவது அக்காவின் கணவர், வண்டியில் வந்து இறங்கியபோது என்னைவிட மகிழ்ந்தவர் யாருமில்லை. அம்மா காபி போட ஓடினாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க? கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

அக்கா பிரைமர் பூசிக்கொண்டே இருந்தாள். "இது காயணுங்க."

அவர் செய்தித்தாளை ஓர் எத்து எத்தினார். சிப்பாய்கள் வாசல்வரை சிதறின. என் குதிரையின் கால் முறிந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பிறகு நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நான் வரலைங்க. இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்கும்."

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். "அக்காவக் கூட்டிக்கினு போங்க மாமா."

அம்மா என்னை இழுத்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அக்கா வந்து நடுவில் நின்றாள். "அவள ஏம்மா அடிக்கிற? வரமாட்டேன்னு சொன்னது நானு."

பிரைமர் அப்பியிருந்த அவள் கையைத் தட்டிவிட்டு, முறிந்த குதிரையோடு மூலையில் போய் உட்கார்ந்தேன். அன்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்குமே ஆத்திரம். எல்லாம் அந்தக் குதிரைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.