கொக்கி போதும்

கனகசெட்டிக்குளம் கடற்கரையில் படகு ஏற்ற ஒரு மினி டிராக்டர் வாங்க, அண்ணனும் நானும் பாண்டிக்குப் போயிருந்தோம். டிராக்டரைச் சட்டென்று முடிவு செய்துவிட்டோம். பின்னால் எதை மாட்டுவது என்பதில்தான் கடையிலேயே சண்டை.

"உழவு ஓட்டுற ரோட்டவேட்டர் உங்களுக்கு வேணாம். வின்ச் போட்டுக்குங்க, கம்பி தானா சுத்திப் படகை மேல ஏத்திடும். ஆளே தேவையில்ல" என்றார் கடைக்காரர். எனக்கு அதுதான் பிடித்தது.

"வெறும் கொக்கி போதும். கயிறு கட்டி இழுத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

"படகு சாயாம ரெண்டு பக்கமும் புடிக்க ஆள் வேணுமேண்ணா! அப்புறம் எதுக்கு டிராக்டரு?" என்று கத்தினேன்.

"ஆளு வரட்டுமே. அப்பா போனப்புறம் நாம இன்னாத்த தின்னு வளந்தோம்?"

படகு இழுக்கக் கை கொடுத்தவர்களுக்கு ஒரு கை மீன் தருவது எங்கள் கரை வழக்கம். அப்பா இறந்தபின் அம்மா விடியலில் கயிறு பிடிக்கப் போவாள், மடியில் மீனோடு வருவாள். அந்தக் குழம்பு வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது.

கொக்கியோடு திரும்பினோம். மறுநாள் டிராக்டர் படகை இழுக்கும்போது, முட்டி வலியால் கடலுக்குப் போவதை விட்டுவிட்ட பக்கத்துத் தெரு மாமா வந்து படகில் கை வைத்தார். தள்ளவெல்லாம் இல்லை, சும்மா வைத்திருந்தார். அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல மீனை அள்ளி அவர் பையில் போட்டார்.

எங்கம்மா ரொம்ப ஒல்லி. அந்தக் கயிற்றை அவள் எங்கே இழுத்திருக்கப் போகிறாள்!