மணலில் போட்ட ஒரு ஓவர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தின் கரை. முதலில் என் கண்ணில் பட்டது, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலது கையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்த ஒரு நெட்டை மனிதர். கை தோள் உயரம் வரை எளிதாக வந்தது. அதற்கு மேலே போகும்போது அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கரீபியன் தீவு ஒன்றைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர். நான் செங்கல்பட்டில் குடியிருப்பவன். ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை. அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றி நிறையத் தலைப்புகள் வைத்திருக்கிறேன். முதல் டெஸ்டிலேயே எதிரணியைச் சுருட்டியபோது அவருக்கு இருபது வயது. அடுத்த வருடம் பயிற்சியாளரோடு சண்டை, நீக்கம். மன்னிப்பு, சேர்ப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுப்பு. நாட்டுக்கு ஆடாமல் லீக் ஆடப் போகிறார் என்ற வசை. ஒரு தொடரின் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியது. திரும்பி வந்தபோதெல்லாம் விக்கெட் எடுத்தார். அதனால்தான் அத்தனை முறை மன்னித்தார்கள். பிறகு தோள் போனது.

இங்கே லீக் ஆட வந்த காலத்தில் பழக்கமான பிசியோதெரபிஸ்ட் ஒருவர் செங்கல்பட்டில் சிகிச்சை நிலையம் வைத்திருந்தார். அவரை நம்பித்தான் வீச்சாளர், அறுவைச் சிகிச்சை முடிந்ததும் வந்து, கடலோரம் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவருடைய அணி அப்போது வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தோள் தேறவில்லை என்று மருத்துவச் சான்று கொடுத்து அந்தத் தொடரிலிருந்து விலகியிருந்தார். அணி ஊர் திரும்பியதும் உள்நாட்டில் அடுத்த தொடர். அணித் தேர்வாளர் போனில் சொன்னதை அவரே என்னிடம் சொன்னார்.

“உடல்தகுதித் தேர்வில் தேறினால் எடுப்போம். அதுவரை பந்தைத் தொடாதே. இந்த முறையும் ஏதாவது செய்தால் அவ்வளவுதான்.”

அவருக்கு முப்பத்து மூன்று வயது ஆகியிருந்தது.

அவரைப் பற்றிக் கட்டுரை எழுத, திருக்கழுக்குன்றம் வழிப் பேருந்தில் நான் பல காலைகளில் அங்கே போனேன். குப்பத்துக்காரர்கள் அவரை அண்ணாத்த என்றே கூப்பிட்டார்கள். படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர்தான் அவரோடு அதிகம் ஒட்டிக்கொண்டவர். குப்பத்து டென்னிஸ் பந்து அணிக்கு அந்த மெக்கானிக்தான் கேப்டன். இருவருக்கும் பொதுவான மொழி என்று எதுவும் இல்லை. பந்து, விக்கெட், பீடி, சிரிப்பு. அது போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுக்குத் தோப்பை ஒட்டிய திடலில் பக்கத்துக் குப்பத்தோடு இறுதி ஆட்டம். மீன் பிடிக்கக் கடலுக்குப் போன எங்கள் பக்கத்துப் பந்துவீச்சாளன் ஒருவன் இன்னும் கரை திரும்பவில்லை. இந்தப் பக்கத்து ஆட்டங்களில் வெளியாள் ஒருவரை ‘கெஸ்ட்’ என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். எதிரணியிலும் பொத்தேரி கல்லூரி மாணவன் ஒருவன் கெஸ்ட்.

“அண்ணாத்த, ஒன் ஓவர். சும்மா கைய சுத்து, போதும்” என்றார் மெக்கானிக்.

நான் குறுக்கே போய், தோளுக்கு ஆகாது என்றேன்.

“நீ இன்னா சார், அவங்க போர்டு ஆளா? டென்னிஸ் பால் சார். எங்கூட்டு குழந்த கூட போடும்.”

வீச்சாளர் எழுந்து போய்ப் பந்தை வாங்கிக்கொண்டார்.

முதல் மூன்று பந்துகளை நின்ற இடத்திலிருந்தே போட்டார். மூன்றாவதைக் கல்லூரி மாணவன் தோப்புக்குள் அடித்தான். எதிர்ப்பக்கம் ஒரே ஊளை.

“இன்னா மச்சான், தயிர்சாதம் துன்னுட்டு வந்தாரா உங்காளு?”

“அண்ணாத்தைக்கு ஒரு சேர் போடுங்கடா, உக்காந்துகினு போடட்டும்!”

சொற்கள் புரிந்திருக்காது. சிரிப்பு புரிந்திருக்கும். அவர் திரும்பி நடந்தார். படகுகள் நிறுத்தியிருந்த இடம் வரை நடந்தார். பல வருடங்கள் தொலைக்காட்சியில் பார்த்த அதே ஓட்டம். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது. அடுத்த இரண்டு பந்துகளும் அப்படியே. திடலே கத்தியது. மெக்கானிக் போனை உயர்த்திப் பிடித்தபடி குதித்தார்.

ஓவர் முடிந்ததும் அவர் யாரோடும் கைகுலுக்காமல் ஒரு படகின் மறுபக்கம் போனார். நான் போனபோது மணலில் மண்டியிட்டு, இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மீன் பெட்டியிலிருந்து ஐஸை வாரி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தோளில் வைத்தேன். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

“ஏன் போட்டீர்கள்?” என்று கேட்டேன்.

“ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பந்து போடு என்று சொல்லி எவ்வளவு காலமாகிறது தெரியுமா?” என்றார். ஐஸ் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அடித்துவிட்டு அந்தப் பையன் சிரித்தான்” என்றார்.

மறுநாள் மெக்கானிக் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கடைசி மூன்று பந்துகளை மட்டும் வெட்டி, மெதுவாக ஓட விட்டு, பாட்டுச் சேர்த்து, வீச்சாளருடைய நாட்டுக் கொடியும் போட்டிருந்தார். கீழே ஆங்கிலத்தில், முழுத் தகுதியோடு இருக்கிறார், ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி.

“அவங்க போர்டு பேஜயே டேக் பண்ட்டேன் சார். நம்ம பசங்களயும் இப்டித்தான் வீடியோ பாத்து வெளியூர் டீம்ல கூப்புடுறாங்க. இத்த பாத்தா எவன் சார் வேணான்னுவான்?”

அன்று மாலைக்குள் அந்த வீடியோ அவருடைய தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாட்டுக்கு ஆடத் தோள் இல்லை, கடற்கரையில் ஆட இருக்கிறது என்று அங்கே எழுதினார்கள். அங்குள்ள கிரிக்கெட் வாரியம் விளக்கம் கேட்டது. அவர் பதில் அனுப்பினார். ஐஸைப் பற்றி நானும் எங்கள் பத்திரிகையில் எழுதினேன். தமிழில் எழுதினேன்.

மூன்று நாள் கழித்துப் போனபோது அவர் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இனி அணியில் இடமில்லை என்று தேர்வாளர் போன் செய்துவிட்டதாகச் சொன்னார். பேச்சு ஒரு நிமிடம் கூட இல்லையாம்.

“தோள் வலிக்கிறது என்று சொன்னேன். சிரித்தார். நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.”

பிறகு, “மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள்” என்றார்.

கரைக்கு இறங்கி வரும்போது மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, “எத்தினி கமெண்ட்டு பாரு சார், எல்லாம் இங்கிலீஷு. இன்னா சொல்றானுங்க?” என்றார்.

படித்தேன். துரோகி. பொய்யன். காசுக்கு ஆடுகிறவன். இனி இவன் முகத்திலேயே விழிக்க வேண்டாம்.

“பவுலிங்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள்” என்றேன்.

“நான் சொல்லல?” என்று பக்கத்தில் இருந்தவர் முதுகில் அடித்தார். “அண்ணாத்த டீம்ல வந்துகினே கீறாரு பாரு.”

வீச்சாளர் அந்த வாரமே ஊர் திரும்பினார். அதன் பிறகு தன் நாட்டுக்காக அவர் ஒரு பந்தும் வீசவில்லை.