பிறந்த வீட்டுக் கோடி

நினைவு மலரின் முதல் வரியில் பிறந்த ஊர் இருக்க வேண்டுமாம். அச்சகத்தார் கேட்டனுப்பினார். எங்கள் அம்மாவைப் பொறுத்தவரை அந்த ஒரு வரிக்காக நான் பட்ட அலைச்சல் பலருக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த அம்மாவை, ஐந்தாறு வயதில் தூரத்து உறவினர் ஒருவர் காஞ்சிபுரத்தில் கொண்டுவந்து விட்டார். வளர்ந்த தெருவிலேயே தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பா நெய்தார், அம்மா தறிக்கு நூலைத் தார் சுற்றினார், நாங்கள் படித்தோம். அப்பா மறைந்த பிறகு அம்மா ஒரே ஓர் ஆசையைத்தான் சொன்னார்.

"வூடு பூரா பொடவை கெடக்குது. நான் போறப்ப என் மேல பொறந்த வூட்டுக் கோடி விழணும்பா. அதை மட்டும் உங்களால நெய்ய முடியாது."

அவருக்கு நினைவிருந்தது இவ்வளவே: வீட்டு வாசலில் கிணறு, ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல் கோயில்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் காகிதம் எந்த மேசையில் கிடைக்கும் என்பது தெரியும். பாலாற்றங்கரை ஊர்களில் அலைந்து, வாசலில் கிணறுள்ள வீட்டைக் கண்டுபிடித்தேன். நேரே உள்ளே போயிருக்கலாம். முறைப்படி முதலில் ஊர்க் கணக்கப்பிள்ளையிடம் போய், யார் பெயரில் எந்த நிலம் என்று சொல்லும் சிட்டாவைப் புரட்டினேன். நான் திரும்புவதற்குள் ஊர் முழுக்க ஞாபகமறதி பரவிவிட்டது.

கிணற்று வீட்டுப் பெரியவருக்கு அம்மாவின் அதே மூக்கு. "அப்படி ஒரு பொண்ணு இந்த வூட்ல பொறக்கவே இல்லீங்க" என்றார்.

"நெலம் எதுவும் வேணாங்க. விடுதலைப் பத்திரம் வேணும்னாலும் எழுதித் தரேன்."

அதுவரை அவருக்குச் சந்தேகம்தான். பத்திரம் என்றதும் உறுதியாகிவிட்டது.

"கெளம்புங்க சார், கடைசி பஸ்ஸு பூடும்" என்றார். அப்போது நடுப்பகல்.

"உன்னை யாருப்பா சிட்டா பாக்கச் சொன்னது?" என்றார் அம்மா. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், கிணற்றில் தண்ணீர் இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன்.

அம்மா காலமான அன்று, சாவு சொல்ல அந்த ஊருக்கும் ஆள் அனுப்பினேன். நம்பிக்கையால் அல்ல; சொல்லி அனுப்புவது முறை.

"யாருன்னே தெரியாதுன்னவங்களுக்கு எதுக்குண்ணா சொல்லிக்கினு?" என்று தம்பி எரிந்து விழுந்தான்.

பாடை கட்டி முடிக்கும் நேரத்தில் கிணற்று வீட்டுப் பெரியவர் வந்தார். வரும் வழியில் ஐயம்பேட்டையில் வாங்கிய நூல் புடவையைப் பிரித்து, நாங்கள் போர்த்தியிருந்த பட்டின்மேல் போர்த்தினார்.

"தெரியாதுன்னீங்களாமே?" என்று என் தங்கை கேட்டேவிட்டாள்.

"நெலத்துக்கு வந்தா தெரியாதுன்னு சொல்லலாம்மா. சாவு சொல்லி வந்தப்புறம் எப்படிச் சொல்றது? எங்க பெரியப்பா பொண்ணு. எனக்கு அக்கா."

மயானம் வரை வந்தார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் முறையில்லை. அவரும் சொல்லாமல்தான் போனார்.

அம்மாவின் கடைசி நாட்களில் உதவிய மருத்துவருக்கும், எதிர்வீட்டாருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. ஊரின் பெயரை அச்சிடவில்லை. என்னைப் போல் இன்னொருவர் சிட்டா பார்க்கக் கிளம்பிவிடக்கூடும். அச்சகத்தார் கேட்ட வரியை இப்போது தருகிறேன்: எங்கள் அம்மா பிறந்தது பாலாற்றங்கரையில், எங்கள் மாமா வீட்டில்.