பிரேக்கை மிதித்த குற்றம்

என் பெரியப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. சர்க்கரை வேறு. பார்க்கப் போனால் ஆசையாகக் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஆனாலும் யாராவது பழைய கார் பேச்சை எடுத்துவிட்டால் போதும், "எங்காத்து வண்டி ஆக்சில் சீலை நான் எப்படிச் சரி பண்ணினேன் தெரியுமோ?" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொல்கிற கதை வேறு, நடந்தது வேறு. நடந்தது இதுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் கீழே நாங்கள், மாடியில் பெரியப்பா. தெருவில் ஆளாளுக்குப் புதுக் கார் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் வாசலில் மட்டும் ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் வைத்த அந்தக் காலத்து வண்டி நின்றது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பெரியப்பா ஓட்டுவதில்லை. அப்பாவுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்த்துவிடும். ஓட்டத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். ஆனால் வண்டி பெரியப்பா பேரில். அவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அம்மா எடுப்பதெல்லாம் நங்கநல்லூர் போவதற்காகத்தான். அங்கே அவளுடைய அப்பா, என் தாத்தா, பக்கவாதத்தில் படுத்திருந்தார். கூட இருந்த மாமா காலையிலேயே ஆபீஸ் போய்விடுவார். பஸ்ஸில் போனால் போக வரப் பாதி நாள் கரைந்துவிடும், உடனே மத்தியானக் காபிக்கு யார் என்ற கேள்வி மாடியிலிருந்து இறங்கி வரும். காரில் போனால் சமையலை முடித்துவிட்டுக் கிளம்பி, தாத்தாவுக்கு உடம்பு துடைத்து, சாதம் ஊட்டி, காபி நேரத்துக்குத் திரும்பிவிடலாம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பின் சீட்டில் நானும் இருப்பேன்.

அந்த வருடம் மழை ஆரம்பிக்கும் முன் பெரியப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. கடல் காற்றில் கார்களின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்கிறது என்று நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் யாரோ பயமுறுத்திவிட்டார்கள். மந்தைவெளியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வண்டியின் அடியெல்லாம் தார் பூசச் சொன்னார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அங்க விட்டுட்டே பார், இங்க விட்டுட்டே பார்" என்று ஓர் அங்குலம் விடாமல் பூச வைத்தார். வேலை முடிந்ததும் குனிந்து பார்த்து, தன் பெண்ணுக்கு அலங்காரம் முடிந்த மாதிரி பூரித்துப் போனார்.

அதற்குப் பிறகுதான் பின் சக்கரத்தின் உள்பக்கத்தில் எண்ணெய் வழிய ஆரம்பித்தது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற கியர் ஆயில். பிரேக்கிலும் அது இறங்கிவிட்டதால், மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, அதைச் சுழற்றுகிற ஆக்சில் தண்டை வெளியே உருவினார். எண்ணெயை உள்ளேயே நிறுத்தி வைக்கிற ரப்பர் வளையத்துக்குச் சீல் என்று பெயராம். அது போய்விட்டது என்று வேறு போட்டார். கொஞ்ச நாளில் அதுவும் ஒழுகியது.

இரண்டாவது தடவை வந்தபோது மெக்கானிக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"மேடம் பிரேக்குல காலு வச்சிகினே ஓட்டுறாங்க சார். அதான் சூடாயி சீலு பூடுது. லேடீஸ் வண்டி எல்லாமே அப்டித்தான் கீது."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் பெரியப்பா.

என்ன அநியாயம்! அம்மா ஓட்டி அந்த மெக்கானிக் ஒரு நாள் பார்த்தது கிடையாது. பெரியப்பா அவள் ஓட்டும்போது ஏறியதே கிடையாது. எத்தனையோ நாள் பின்னால் உட்கார்ந்திருந்த என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னால் போகிறவன் எப்போது நிற்பான் என்று அம்மாவுக்கு எப்படித்தான் தெரியுமோ, சைதாப்பேட்டை நெரிசலில்கூட மடியில் வைத்த சாப்பாட்டுக் கூடை அசையாது. அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் புரட்டியபடி, "அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்தால் என்ன என்று தோன்றியது.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தார் பூசினதுக்கு அப்பறந்தானே இது ஆரம்பிச்சுது?"

பெரியப்பா சிரித்தார். "தாருக்கும் சீலுக்கும் என்னம்மா சம்பந்தம்? இது என்ன, ரசத்துல உப்பு போடற சமாச்சாரமா?" மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். தீர்ப்பும் அங்கேயே ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு சீல் போட்டுப் பார்ப்பது, அதுவும் ஒழுகினால் வண்டியைத் தள்ளிவிடுவது. தி.நகரில் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அம்மா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை குக்கர் சத்தம் போடாமல் ஓரமெல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பை அணைத்து, ஆறினதும் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். காஸ்கட் புதுசு. வெயிட் உட்காருகிற குழாயில்தான் பருப்பு அடைத்துக்கொண்டிருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தவள், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அன்று வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி நங்கநல்லூர் போய் வந்தோம். திரும்பி வந்ததும் அம்மா வீட்டுக்குள் போகவில்லை. மாடியில் பெரியப்பா தூங்குகிற நேரம். கோணிச் சாக்கை விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். ஆக்சிலை மூடின இரும்புக் குழாயின் மேல்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே போனவளுக்குத் தாருக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மேடு தட்டுப்பட்டது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சுரண்டினாள். மேட்டில் ஒரு சின்னத் துளை திறந்து, புஸ்ஸென்று காற்று வந்தது.

"சூடானா உள்ள இருக்கற காத்து இந்த வழியாத்தான் போகணும்டி. இத அடைச்சுட்டா, அது சீலைத் தள்ளிண்டு வராம என்ன பண்ணும்?"

முகமெல்லாம் கறுப்பு அப்பியிருந்தது. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பா எப்போது எழுந்திருப்பார் என்று எனக்குக் கால் பரபரத்தது. "யார்கிட்டயும் மூச்சு விடப்படாது" என்று அம்மா சொன்னபோது, தானே சொல்லி மூக்கை உடைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எங்கிருந்தோ ஒரு சீல் வாங்கி வந்தார். ஒரிஜினலாம். மெக்கானிக் அதைப் போட்டு, எண்ணெயில் ஊறிய பிரேக் கட்டைகளையும் மாற்றிக் கொடுத்தார். பிறகு அத்தனை மழையிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெரியப்பா தினமும் டார்ச் அடித்துச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். தீபாவளிக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தபோது, அந்தச் சீலுக்காகத் தான் எத்தனை கடை ஏறி இறங்கினார் என்று கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து விவரித்தார். "சாமான் நன்னா இருந்துட்டாப் போறுமா? ஓட்டறவாளும் திருந்தணுமோல்லியோ?" என்று முடித்தார்.

இதோ இப்போது சொல்லப் போகிறாள் என்று அம்மாவைப் பார்த்தேன். பட்சணத் தட்டோடு நின்றிருந்த அம்மா, "ஆமாம் அண்ணா. என் மேலதான் தப்பு. இப்பல்லாம் பாத்துத்தான் மிதிக்கறேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு நான்கு நாள் வலித்தது. பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தி.நகர்க்காரனுக்கு இல்லேன்னு சொல்லிட்டேன். நான் சரி பண்ணின வண்டியை விக்கறதாவது! இனிமே என்னைக் கேக்க வேண்டாம், எப்ப வேணா எடுத்துண்டு போம்மா" என்றார் எல்லோரும் கேட்கும்படி.

மறுநாள் நங்கநல்லூர் போகும்போது நான் அம்மாவோடு பேசவில்லை. கிண்டி தாண்டியதும் பொறுக்க முடியாமல், "ஏம்மா பொய் சொன்னே?" என்று கத்தினேன். "தாத்தாவுக்குப் பசிக்கும்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டினாள். தாத்தா வீடு வந்த பிறகும் நான் இறங்கவில்லை. அம்மா ஒரு கோழை என்று அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக, தாத்தாவின் கோணின வாயைத் துடைத்துத் துடைத்து அவள் சாதம் ஊட்டுவது தெரிந்தது.

தாத்தா அடுத்த ஆடி வரை இருந்தார். அதுவரை ஒரு நாளும் அம்மா யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. பெரியப்பாவை அன்று கூடத்தில் தோற்கடித்திருந்தால், அந்த வாரமே வண்டி தி.நகருக்குப் போயிருக்கும். பெற்ற அப்பனுக்கு ஒரு வாய் சாதம் ஊட்டிவிட்டு வருவதற்கு, செய்யாத குற்றத்தை அத்தனை பேர் முன்னால் அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி, அம்மா காய்ச்சலில் படுத்திருந்தபோது, "போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று புகுந்த வீட்டுக் கூடத்தில் நான் கேட்டு நின்ற அன்றுதான் அது புரிந்தது.