வாக்களிப்பு நிலைய வாசலில் கேத்தல்

குருநகர் அருமைநாயகி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை நடத்தித் தங்கை நிரோஜினியைப் படிப்பித்து முன்பள்ளி ஆசிரியையாக்கினாள். அந்த நிரோஜினி மாநகரசபைத் தேர்தலில் சுயேச்சைக் குழுவொன்றில் நின்றபோது, ஊரில் தங்கையைவிட அக்காதான் நிமிர்ந்து நடந்தாள்.

குழுவுக்குக் கிடைத்த சின்னம் கேத்தல், தேத்தண்ணி ஊற்றும் மூக்குவைத்த பாத்திரம். வாக்குச்சீட்டில் ஆளின் பெயர் இராது, சின்னந்தான் இருக்கும் என்று அருமைநாயகி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சட்டத்திலும் குறை வைக்கவில்லை. பிரசாரம் முடிந்த அன்றே கடைச் சுவரில் ஒட்டியிருந்த கேத்தல் படத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டாள். தங்கைமேல் ஒரு முறைப்பாடும் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய பயமெல்லாம்.

வாக்களிப்பு நாளில் வெயில் கொளுத்தியது. மீன்பிடித்துக் கடலால் வந்த கையோடு வரிசையில் நின்றவர்களைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைக்கு ஓடிப்போய் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தேத்தண்ணியோடு திரும்பினாள்.

வாசலை நெருங்கமுன் மறித்தவர் செபநாயகம். அதே வட்டாரத்தில் நிரோஜினிக்கு எதிராக நின்ற வேட்பாளர்.

“நாயகி, உதென்ன கையிலை?”

“தேத்தண்ணி அண்ணை. நீங்களும் ஒரு வாய் குடியுங்கோ.”

“தேத்தண்ணி சரி. என்னத்துக்குள்ளை கொண்டு வந்தனீ?”

குனிந்து பார்த்தவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கேத்தல். வாக்களிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னத்தைக் காட்டுவது குற்றம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். செபநாயகம் ஒரு சொல் சொன்னால் போதும்.

அவரோ தன் தோளில் கிடந்த துவாய்த் துண்டை எடுத்துக் கேத்தலை மூடினார். சூட்டில் முகத்தைச் சுளித்தபடி அதை வாங்கித் தன் சைக்கிள் கூடைக்குள் வைத்தார்.

“என்ன பிரச்சினை?” என்றார் பொலிஸ்காரர்.

“ஒண்டுமில்லை ஐயா. பிள்ளை எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தது. வீட்டை கொண்டு போறன்.”

நிரோஜினி கொஞ்ச வாக்குகளால் வென்றாள். மறுநாள் காலை அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு முதலில் போனது செபநாயகம் வீட்டுக்கு. போகும் வழியெல்லாம் யோசனை. சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. மேயரை உறுப்பினர்கள்தான் தெரிவு செய்ய வேண்டும். செய்த உதவிக்கு அவர் தன் கட்சி ஆளுக்கு நிரோஜினியின் வாக்கைக் கேட்டுவிட்டால்?

“வாழ்நாளிலை மறக்கமாட்டன் அண்ணை” என்றாள் அருமைநாயகி.

“விடு நாயகி. கேத்தலைப் பிடிச்சுக் குடுத்து வெண்டவன் எண்டு பேர் வாங்கினா, நான் என்ன முகத்தோடை பூசைக்குப் போறது? தோத்தாலும் பரவாயில்லை, பகிடி தாங்கேலாது.”

பிறகு நிரோஜினியைப் பார்த்தார்.

“எங்கடை ஆளை மேயராக்கச் சொல்லிக் கேப்பன் எண்டுதானே பயந்து வந்தனீங்கள்?”

“ஓம்” என்றாள் அவள், மறைக்காமல்.

“அதை நான் கேக்கமாட்டன். உனக்குச் சரியெண்டு பட்ட ஆளுக்குக் கையைத் தூக்கு. ஆனா, வாசல்லை நிக்கிற இந்த ஊத்தைத் தண்ணியைப் பாத்தியோ? போன சபையும் பாக்கேல்லை.”

அக்கா தடுக்கமுன் நிரோஜினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலோரத்து வாய்க்கால் கரையில் இறங்கிவிட்டாள்.

“எங்கை அடைச்சுக் கிடக்குது? வந்து காட்டுங்கோ.”

செபநாயகம் செருப்பைத் தேடினார்.